விராலுக்குச் சோமவார விரதம்

கல்யாணமாகி நாங்கள் முதலில் குடித்தனம் வைத்தது உத்திரமேரூரில், பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருந்த தெருவில். அறுபதுகளின் தொடக்கம் அது. என் கணவருக்கு ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் வேலை. ஊர் ஊராகச் சைக்கிளில் போய், படம் போட்ட அட்டைகளைச் சுவரில் மாட்டி, எருக்குழி எப்படி வெட்டுவது, கோழிக்கு எப்போது ஊசி போடுவது, பிள்ளைகளுக்கு என்ன சாப்பிடக் கொடுப்பது என்றெல்லாம் சொல்லிவிட்டு வருவார். சாப்பாட்டைப் பற்றிய அட்டையில் சோறு, பருப்பு, கீரை, முட்டை, பால், வாழைப்பழம் எல்லாம் வட்டமாக வரைந்திருக்கும். மேலே பெரிய எழுத்தில் 'சரிவிகித உணவு' என்று போட்டிருக்கும். அந்த அட்டை எங்கள் வீட்டுப் பரண்மேல் ஒரு கட்டு கிடந்தது. கணவர் ஊர் மக்களுக்குச் சொல்கிற விஷயம் என்பதைத் தவிர அதைப் பற்றி நான் யோசித்ததே இல்லை.

அந்த வருஷம் புரட்டாசிக் கடைசியில் ஒன்றிய அலுவலகத்து மைதானத்தில் ஒரு வளர்ச்சித் திட்டக் கண்காட்சி நடந்தது. அதில் மீன் வளர்ப்புக்காக ஒரு கண்ணாடித் தொட்டி வைத்திருந்தார்கள். இரும்புச் சட்டம் அடித்த, மூன்றடி நீளத் தொட்டி. உள்ளே இரண்டு விரால் மீன்கள். கண்காட்சி முடிந்ததும் மற்ற சாமான்களையெல்லாம் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். தொட்டியை மட்டும் அதிகாரி என் கணவரிடம் ஒப்படைத்தார்.

"தை மாசம் மறுபடியும் இங்கயே கண்காட்சி வைக்கிறோம். அதுவரைக்கும் ஆபீஸ்ல வெச்சா பார்த்துக்க ஆள் இல்ல. உங்க வீட்டுல வெச்சுக்குங்க" என்று சொன்னாராம்.

மாட்டுவண்டியில் வைக்கோல் பரப்பி அதன்மேல் தொட்டி வந்தது. பின்னாலேயே, தண்ணீர் நிரப்பிய தகர டின்னில் மீன்கள் வந்தன. ஒன்று ஒன்றரைச் சாண் நீளம், இன்னொன்று கொஞ்சம் சிறியது. கருத்த முதுகு, பாம்பு மாதிரித் தட்டையான தலை. தொட்டியைக் கூடத்தில் ஜன்னலோரம் வைத்தோம். மறுநாள் மதியம் பார்த்தால் தொட்டியில் ஒரு மீன்தான் இருந்தது. இன்னொன்று எகிறிக் குதித்துத் தரையிலேயே ஊர்ந்து போய் அரிசிப் பானைக்குப் பின்னால் கிடந்தது. செத்துவிட்டதென்று நினைத்து முறத்தில் அள்ளினேன். அது வாலால் என் மணிக்கட்டில் ஓர் அறை விட்டது. விரால் தண்ணீருக்கு வெளியே வந்தும் மூச்சு விடும் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அன்று முதல் தொட்டிமேல் மூங்கில் தட்டி, தட்டியின்மேல் இரண்டு செங்கல்.

அந்த வாரமே கணவருக்குப் பயிற்சிக்குப் போகச் சொல்லி உத்தரவு வந்தது. மூன்று மாதம், வெளியூரில். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலில் இறங்கும்போது, "அதுங்களுக்கு ஏதாவது போட்டுக்கிட்டிரு" என்றார்.

"என்ன போடறது?"

"கண்காட்சிக்காரங்க என்ன போட்டாங்கன்னு தெரியலையே. ஏதாவது போடு" என்று சொல்லிவிட்டுப் பேருந்தைப் பிடிக்க ஓடினார்.

நாங்கள் இரண்டு பக்கமும் சைவக் குடும்பம். என் மாமனார் மாகறல் கோயிலில் தேவாரம் பாடுகிறவர். எங்கள் வீட்டில் முட்டைகூட வந்ததில்லை. எனக்குத் தெரிந்த 'ஏதாவது' சோறு, இட்லி, பொட்டுக்கடலை இவ்வளவுதான். எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தேன். இட்லி கரைந்து தண்ணீர் வெளுத்தது. மீன்கள் மூலையில் நின்றபடி என்னைப் பார்த்தன.

மூன்றாம் நாள் பக்கத்து வீட்டு அக்கா வந்தார். அவர் வீட்டுக்காரருக்குக் கடைத்தெருவில் ஜவுளிக்கடை. எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே கிணறு. அங்கே தண்ணீர் இறைக்கும்போது பழக்கமானவர். தொட்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னா தங்கச்சி, மீனுக்கு நாஷ்டா போட்டுகினு கீறியா?" என்றார்.

"எதையும் தொட மாட்டேங்குதுக்கா."

"இது விராலும்மா. மத்த மீனையே முழுங்குற மீனு. இதுக்குப் போய் இட்லி வெச்சா, துன்னுமா?"

போனவர் ஒரு வாழை இலைத் துண்டில் கொஞ்சம் ஆட்டு ஈரலுடன் திரும்பி வந்தார். அவரே அதைப் பொடிப்பொடியாக நறுக்கி, ஒரு துண்டை நூலில் கட்டித் தண்ணீரில் ஆட்டினார். பெரிய மீன் ஒரு விநாடி அசையாமல் நின்றது. அடுத்த விநாடி ஈரலும் இல்லை, நூலில் பாதியும் இல்லை. நான் புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டேன். ஆனாலும், மூன்று நாள் பட்டினி கிடந்தது சாப்பிட்டுவிட்டதே என்று சந்தோஷம் தாங்கவில்லை. "இன்னொண்ணு போடுங்கக்கா" என்றேன்.

அதற்குப் பிறகு தினமும் ஈரல்தான். அக்கா வீட்டில் கறி எடுக்காத நாளிலும் எனக்காக ஒரு துண்டு வாங்கி வரச் சொல்வார். நான் மூங்கில் குச்சியின் நுனியில் குத்தி, முகத்தைத் திருப்பிக்கொண்டு நீட்டுவேன். கொஞ்ச நாளில் முகத்தைத் திருப்பாமலேயே நீட்டப் பழகினேன். வாசலில் என் காலடிச் சத்தம் கேட்டாலே இரண்டும் கண்ணாடியோரம் வந்து நிற்கும். வீட்டில் தனியாக இருந்த எனக்கு அது பெரிய பெருமை. கணவருக்கு எழுதிய கடிதத்தில், 'மீன்கள் நன்றாகச் சாப்பிடுகின்றன, உருண்டு திரண்டு இருக்கின்றன' என்று எழுதினேன்.

உருண்டு திரண்டு இருந்ததுதான் வினையாகிவிட்டது. ஐப்பசி பாதியில் இரண்டுக்கும் வயிறு தொங்கியது. தண்ணீர்மேல் எண்ணெய் மாதிரி ஒரு படலம். முதுகில் இருந்த மினுமினுப்பு போய்ச் சாம்பல் பூத்த மாதிரி ஆனது. சின்ன மீன் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு, தலையைக் கீழே சாய்த்தபடி மூலையில் நின்றது. நோயாளிக்குத் தெம்பு வேண்டுமே என்று இன்னும் கொஞ்சம் ஈரலை நீட்டினேன். நான்காம் நாள் காலையில் அது மல்லாந்து மிதந்தது.

அதை எடுத்து முருங்கை மரத்தடியில் புதைத்துவிட்டு வந்து உட்கார்ந்து அழுதேன். அதிகாரிக்கு என்ன பதில் சொல்வது என்ற பயம் ஒரு புறம் இருந்தாலும், அழுகை அதற்காக அல்ல. கையை நீட்டினால் ஓடி வந்த ஜீவன் அது. நான் ஊட்டி ஊட்டியே செத்திருக்கிறது என்று மனசுக்குள் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தது.

அன்று அக்கா வீட்டுக்கு ஏரி மீன் கொண்டுவரும் அம்மாள் வந்தாள். அக்கா அவளைக் கூடையோடு எங்கள் வீட்டு வாசலுக்கு அழைத்து வந்தார். அவள் கூடையை வெளியே இறக்கிவிட்டு உள்ளே வந்து தொட்டியைப் பார்த்தாள்.

"இது மீனா, பூசணிக்காவா? இன்னாம்மா போட்டே இதுக்கு?"

"ஈரல்."

"தெனமுமா?"

"தினமும்தான்."

அவள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு சிரித்தாள். "ஏரில இன்னா ஆட்டு ஈரலா மெதந்துகினு கீது? அங்க ஒரு நாளு எறா கெடைக்கும், ஒரு நாளு பொடி கெண்டை. மழ பேஞ்சா தலப்பிரட்டை. கரையோரம் வெட்டுக்கிளி வுழும், மண்ணுல பூச்சி புழு கீது. ஒரு நாளு ஒண்ணுமே ஆப்டாது. சும்மா கெடக்கும். அப்பிடி துன்னாத்தான் அது விராலு. நீ ஒரே சரக்கைத் துணிச்சி துணிச்சி போட்டா ஒடம்பு இன்னாத்துக்கு ஆவும்?"

"இப்ப என்ன செய்யறது?"

"ஒண்ணும் போடாத. அஞ்சு நாளு காயட்டும். தண்ணிய மாத்து. அப்பாலிக்கா நான் எறா கொண்டாந்து தரேன்."

அவள் போன பிறகு பரணில் இருந்த அட்டைக் கட்டு ஞாபகம் வந்தது. ஒன்றை உருவி எடுத்துப் பார்த்தேன். சோறு, பருப்பு, கீரை, பால். என் கணவர் ஒன்றியம் முழுவதும் சைக்கிள் மிதித்துச் சொல்லிக்கொண்டிருந்ததற்கு நேர் மாறானதை அவர் வீட்டுக் கூடத்திலேயே நான் செய்துகொண்டிருந்திருக்கிறேன். அட்டையைத் திருப்பி, பின்பக்கம் கட்டம் போட்டேன். ஏழு நாளுக்கு ஏழு கட்டம். செவ்வாய் வெட்டுக்கிளி, புதன் இறால், வியாழன் மண்புழு, வெள்ளி பொடி மீன், சனி தலைப்பிரட்டை, ஞாயிறு மறுபடி இறால். ஈரல் மாதம் ஒரு முறை, சுண்டுவிரல் நுனி அளவு. திங்கள் கட்டத்தில் மட்டும் ஒன்றும் எழுதாமல் விட்டேன். அன்று பட்டினி.

கட்டம் போட்டது நான்தான். ஆனால் மீன் அதற்குக் கட்டுப்படவில்லை. ஐந்து நாள் காயப்போட்ட பிறகு இறாலை நீட்டினால் மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. மறுநாளும் அப்படியே. எனக்கு மனசு கேட்கவில்லை. கொஞ்சம் ஈரல் வாங்கலாமா என்று அக்காவிடம் போனேன்.

"வாணாம். என் பெரியவன் கீரைய தொட மாட்டான். நான் இன்னா பண்ணுவேன் தெரியுமா? மேல நெய்ய ஊத்திப் பிசைஞ்சு வெச்சுடுவேன். வாசனைக்குத் துன்னுடுவான்" என்றார் அக்கா. "நீயும் எறா மேல ஈரல தேச்சுக் குடேன்."

தேய்த்துக் கொடுத்தேன். விரால் வாயில் வாங்கியது, துப்பியது, மறுபடி வாங்கியது. பிறகு விழுங்கிவிட்டது. நானும் அக்காவும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தோம். பத்து நாளில் தேய்ப்பதை நிறுத்திவிட்டேன். ஓட்டோடு இறாலைக் கடித்து விழுங்கப் பழகியது.

அந்த மாதங்களில் நான் என்னென்னவோ செய்தேன். கொல்லையில் வாழை மரத்தடி ஈர மண்ணைக் கிளறி மண்புழு எடுத்தேன். மழைத் தண்ணீர் தேங்கிய குட்டையில் அக்காவின் பழைய தாவணியைப் பிடித்துக்கொண்டு இருவருமாகத் தலைப்பிரட்டை அள்ளினோம். வயல் வரப்பில் வெட்டுக்கிளி பிடிக்கப் போய் வழுக்கிச் சேற்றில் உட்கார்ந்தேன். நாற்றுக்குக் களை பறித்துக்கொண்டிருந்த பெண்கள், ஒன்றியத்து ஆபீசர் வீட்டம்மா இங்கே என்ன செய்கிறாள் என்று புரியாமல் பார்த்தார்கள். இறால் நறுக்கத் தனியாக ஓர் ஓட்டுத் துண்டு வைத்திருந்தேன். நறுக்கிய பிறகு தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டுதான் அடுப்படிக்குப் போவேன். பிறகு கையை மட்டும் கழுவிக்கொண்டு போக ஆரம்பித்தேன். எப்போது மாறினேன் என்று எனக்கே தெரியவில்லை.

கார்த்திகை முடிவில் மாமனார் வந்தார். மகன் ஊரில் இல்லாதபோது மருமகள் எப்படி இருக்கிறாள் என்று பார்த்துவிட்டுப் போக, நான்கு நாள் தங்குவதாக வந்தார். அவர் வருவது தெரிந்ததும் புழு டப்பாவையும் தலைப்பிரட்டைச் செம்பையும் அக்கா வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். அவருக்கு மீன் என்றால் கோயில் குளத்து மீன்தான். பையில் பொரி கொண்டுவந்திருந்தார். தட்டியை விலக்கி ஒரு பிடி பொரியைத் தூவிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பொரி மிதந்தது. விரால் அசையவில்லை.

"ஏம்மா, எடுக்க மாட்டேங்குதே?"

அன்று திங்கட்கிழமை. என் வாயில் தானாக வந்தது. "இன்னிக்கு அது ஒண்ணும் சாப்பிடாது மாமா. திங்கள் கிழமைன்னா பட்டினிதான்."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "சோமவாரமா? அதுவும் கார்த்திகை சோமவாரம். மீனு விரதம் இருக்குதா?" என்று கேட்டுவிட்டு, தொட்டிக்கு முன்னால் நின்று மெல்லிய குரலில் ஒரு பதிகம் பாடினார். எனக்குச் சிரிப்பும் வந்தது, குற்ற உணர்ச்சியும் வந்தது. பொய் சொல்லவில்லை என்று மட்டும் சமாதானம் செய்துகொண்டேன்.

மறுநாள் விளக்கு வைத்த நேரம். மாமனார் விபூதி பூசிக்கொண்டு தொட்டியருகே நின்று மீனைப் பார்த்துக்கொண்டிருந்தார். பொரி போடுவதற்காகத் தட்டியை விலக்கி வைத்திருந்தார். விளக்கு வெளிச்சத்துக்கு வந்த ஒரு வெட்டுக்கிளி அவர் தோளில் துண்டின்மேல் உட்கார்ந்தது. அவர் துண்டை உதறினார். அது நேராகத் தண்ணீரில் போய் விழுந்தது. டப்பென்று ஒரு சத்தம். அவ்வளவுதான். தண்ணீரில் வளையம் மட்டும் விரிந்துகொண்டிருந்தது.

நான் சமையல்கட்டு நிலைப்படியில் நின்றுகொண்டிருந்தேன். அவர் தண்ணீரைக் குனிந்து பார்த்தார். பிறகு துண்டைத் தோளில் சரியாகப் போட்டுக்கொண்டார்.

"விரதம் முடிஞ்சுபோச்சு போலிருக்கு" என்றார்.

அதற்குமேல் மறைப்பதில் அர்த்தமில்லை என்று எல்லாவற்றையும் சொன்னேன். ஈரல், சின்ன மீன் செத்தது, அட்டையின் பின்னால் போட்ட கட்டம், அக்கா வீட்டில் இருக்கும் செம்பு. அவர் அட்டையை வாங்கிக் கண்ணாடி போட்டுக்கொண்டு முழுவதும் படித்தார். "அதுக்கு எதுவோ அதைத்தானே குடுக்கணும்? செம்பை வாங்கிட்டு வந்துடு. பாவம், அவங்க எதுக்கு வெச்சுக்கிட்டு இருக்கணும்" என்றார். கிளம்பும் நாளில் பூ பறிக்கப் போன இடத்திலிருந்து ஏதோ பொத்திக்கொண்டு வந்தார். "எனக்குப் போட மனசு வரலை. நீ போடு" என்று என் கையில் கொடுத்தார். பச்சை வெட்டுக்கிளி.

தை மாதம் கண்காட்சிக்கு இரண்டு நாள் முன்னால்தான் கணவர் திரும்பினார். விடுதிச் சாப்பாட்டில் இளைத்துப் போயிருந்தார். அதிகாரி ஜீப்பில் வந்து இறங்கினார். ஒரு மீன்தான் இருக்கிறது என்று சொல்லக் கணவர் தயங்கியதைப் பார்த்து நானே சொன்னேன்.

"ஒண்ணு என்னாலதான் செத்துப்போச்சு, சார். தினமும் ஈரலே போட்டுட்டேன்."

அதிகாரி தொட்டியைக் குனிந்து பார்த்தார். விரால் முழங்கை நீளத்துக்கு வளர்ந்து, முதுகு எண்ணெய் தடவினது போலக் கருகருவென்று மின்னியது. "இது எப்படி இவ்வளவு நல்லா இருக்கு?" என்றார். நான் அட்டையின் பின்பக்கத்தைக் காட்டினேன். அவர் படித்துவிட்டு என் கணவரைப் பார்த்தார். "தொட்டிகிட்ட இவங்களே நிக்கட்டும். இவங்களே சொல்லட்டும்."

அதுவரை நான் நாலு பேர் முன்னால் பேசியதில்லை. கண்காட்சியன்று புடவைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டு தொட்டிப் பக்கத்தில் நின்றேன். சாலவாக்கம் பக்கத்திலிருந்து வண்டி கட்டிக்கொண்டு பெண்கள் வந்திருந்தார்கள். எதிர்ப்பக்கம் என் கணவர் அட்டைகளை மாட்டியிருந்தார். அங்கே இரண்டு பேர் நின்றார்கள். இங்கே கூட்டம். குச்சியில் இறாலை நீட்டினேன். விரால் பிடித்ததும் முன்வரிசையில் இருந்த ஒருத்தி இரண்டடி பின்னால் போனாள். பிறகு, "தெனம் இதான் துன்னுமா?" என்று கேட்டாள்.

அதிலிருந்து பேச்சு தானாக வந்தது. முதலில் ஒரே தீனியாகப் போட்டதையும், ஒன்று செத்ததையும், பிறகு மாற்றி மாற்றிக் கொடுத்ததையும் நடந்தபடியே சொன்னேன். ஒரு வயதான பெண் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "அப்ப நாங்க தெனம் கூழுதான் குடிக்கிறோம். எங்களுக்கு இன்னா ஆவும்?" என்றாள்.

பாலும் வாழைப்பழமும் வரைந்த அட்டையைக் காட்ட வெட்கமாக இருந்தது. அவளுக்குப் பக்கத்தில் நின்றவள்தான் பேசினாள். "ஏரிக் கரை பூரா பண்ணக்கீரையும் பொன்னாங்கண்ணியும் கீது. மாட்டுக்குத்தான் அறுத்துப் போடறோம். வூட்டுப் புள்ளைக்குப் போடறோமா?" என்றாள். இன்னொருத்தி முருங்கைக் கீரையைச் சொன்னாள். வேர்க்கடலையைச் சொன்னாள் வேறொருத்தி. கேழ்வரகுக் கூழில் கருவாட்டைச் சேர்த்துக்கொள்வதைப் பற்றி ஒரு சண்டையே நடந்தது. நான் தொட்டியில் சாய்ந்துகொண்டு கேட்டேன். எல்லாம் அவர்களுக்குத் தெரிந்துதான் இருந்தது. உட்கார்ந்து பேச ஓர் இடம்தான் இல்லாமல் இருந்தது.

அந்தப் பேச்சு எங்கள் வீட்டுக்கு வந்தது. மாதம் இரண்டு முறை கூடத்தில் பெண்கள் கூடினார்கள். ஒன்றியத்தில் அதை மாதர் சங்கம் என்று எழுதிக்கொண்டார்கள். பக்கத்து வீட்டு அக்காதான் முதல் ஆளாக வந்து பாய் விரிப்பார். அந்த ஊரில் இருந்த ஆறு வருஷமும் நான் அதை விடவில்லை.

மீனை மட்டும் விட வேண்டியதாயிற்று. அந்தத் தை முடிவதற்குள்ளேயே, அடுத்த கண்காட்சி வேறு ஊரில் என்று ஜீப் வந்தது. கொண்டுபோகிற ஊழியருக்கு என்ன தெரியும் என்று, எந்த நாள் எதைப் போடுவது, இறாலை எந்த அளவுக்கு நறுக்குவது, திங்கட்கிழமை எவ்வளவு கெஞ்சினாலும் ஏன் எதுவும் போடக் கூடாது என்று இரண்டு பக்கம் எழுதி மடித்தேன். என் கணவர் அதை வாங்கிப் படித்தார். தாடை எலும்பு தெரிய நின்றுகொண்டு படித்தார்.

"மூணு மாசம் விடுதியில கிடந்தேன். எனக்கு இப்படி ஒரு வரி எழுதினியா?" என்றார்.

"உங்களுக்கு வாய் இருக்குதுங்க, கேட்டு வாங்கிச் சாப்பிடலாம்" என்று சொல்லிவிட்டு, காகிதத்தை ஓட்டுநரிடம் கொடுத்தேன். அன்று இரவு அவருக்கு முருங்கைக்கீரை அடை வார்த்துப் போட்டேன். ஐந்து சாப்பிட்டார்.